20 கொண்டை ஊசி வளைவும் மூன்றாவது சக்கரமும்!
அம்மாவுக்காகப் பழைய புல்லட்டில் சைடுகார் மாட்டிய சேலம்காரர்

சேலம் அடிவாரத்தில் ஏறினால் ஏற்காடு போய்ச் சேருவதற்குள் 20 கொண்டை ஊசி வளைவுகள்! சுமார் 4 ஆயிரம் அடி ஏற்றம். பஸ் டிரைவர்களே ஆரனை அழுத்தியபடி உஷாராகத் திருப்புகிற பாதை. 2024 ஏப்ரல் 30-ந் தேதி 13-வது வளைவு அருகே தனியார் பஸ் கவிழ்ந்து உயிர்ப்பலி வாங்கியதை இந்த ஊர் ஜனங்கள் இன்னும் மறக்கவில்லை. அந்த மலையில் பழைய புல்லட்டுக்குப் பக்கத்தில் தொட்டில் மாதிரி ஒரு சைடுகாரை மாட்டி, அதில் தாயாரை உட்கார வைத்து ஏற்றப் போகிறேன் என்று ஒருவர் கிளம்பினால் என்ன சொல்வீர்கள்?

கிளம்பினார்! சேலத்துக்காரர்தான். "பேரு மட்டும் போட்டுடாதீங்க சார்" என்று கும்பிட்டார். போடவில்லை.

அவருடைய அப்பா விட்டுப் போன சொத்து அந்த புல்லட். 1970-களில் திருவொற்றியூர் பாக்டரியில் தயாரானது. அப்பா இருந்தவரை அம்மா பின் சீட்டில் ஒரு பக்கமாக உட்கார்ந்து ஏற்காடு போய் வருவார். மே மாதம் சேர்வராயன் கோவில் திருவிழா என்றால் 5 ஆயிரம் அடிக்கு மேலே இருக்கிற அந்தக் குகைக் கோவிலுக்குத் தப்பாமல் போயாக வேண்டும். இப்போது அம்மாவுக்கு மூட்டு வலி. பின் சீட்டில் காலைத் தூக்கி வைக்க முடியாது. பஸ் படியும் ஆகாது. காருக்கு வசதி இல்லை. "அப்பா வண்டியிலதான் போகணும்" என்று அம்மாவுக்கும் ஒரு பிடிவாதம். எங்கேயோ பழைய இரும்பில் கிடந்த சைடுகார் கூடு ஒன்று கைக்கு வர, மாடர்ன் தியேட்டர்ஸ் பழைய நுழைவு வாயில் இருக்கிற அதே ஏற்காடு ரோட்டில் ஒரு பட்டறைக்கு வண்டி வந்து சேர்ந்தது.

"வெல்டிங் வெச்சே, தொலைஞ்சே!"

பட்டறைக்கார பாய்க்கு 60 வயதைத் தாண்டி விட்டது. கூட்டைப் பார்த்துச் சிரித்தார். "தம்பி, ஷோலே படம் பாத்துட்டு வந்தியா?" என்றார். 1975-ல் வந்த படம். அமிதாப்பும் தர்மேந்திராவும் சைடுகார் வண்டியில் பாடிக்கொண்டே போவார்களே, அதேதான். ஆனால் அது சினிமா. இது ஏற்காடு.

புல்லட்டில் ஒரு சங்கதி. மற்ற வண்டிகள் பலவற்றில் எஞ்சினுக்கு அடியில் சேஸிஸ் குழாய் தொட்டில் போல ஓடும். பழைய புல்லட்டில் அது கிடையாது. முன்குழாய் நேரே வந்து எஞ்சினைப் பிடித்துக் கொள்ளும். எஞ்சினே சேஸிஸின் ஒரு பாகம்! அதனால் சைடுகாரை அப்படியே கொண்டுபோய் மாட்ட முடியாது. அடியில் தனியாக ஒரு சட்டம் செய்து கொடுக்க வேண்டும். மொத்தம் நாலு இடத்தில் பிடிப்பு. கீழே இரண்டு, மேலே இரண்டு. எல்லாம் கிளாம்பும் போல்ட்டும்தான். "சேஸிஸ் மேல வெல்டிங் வெச்சே, ஒரு நாள் வளைவுல குழாய் பிளந்து தொலைஞ்சே போவே" என்று பாய் எச்சரித்தார்.

நம் ஊரில் சைடுகார் இடது பக்கம். நல்லவேளையாக புல்லட்டின் கிக்கரும் சைலன்சரும் வலது பக்கம். அந்த வரைக்கும் தொல்லை இல்லை. ஆனால் பழைய வண்டியில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். பிரேக் பெடலில் இடிக்காமல் கம்பி போக வேண்டும். செயினும் இடது பக்கமே. இனி செயின் இறுக்க வேண்டும் என்றால் வண்டிக்கும் கூட்டுக்கும் நடுவே கையை விட்டுத் தவிக்க வேண்டியதுதான்.

நூல் பிடித்த வேலை

போல்ட்டை முடுக்கி விட்டால் வேலை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, வேலையே அங்கேதான் ஆரம்பம்! சிமெண்டு தரையில் வண்டியை நிறுத்தினார்கள். புல்லட்டின் இரண்டு சக்கரத்தையும் ஒட்டி நேரான சட்டம் ஒன்று. சைடுகார் சக்கரத்தை ஒட்டி இன்னொன்று. இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை முன்னாலும் பின்னாலும் டேப் வைத்து அளந்தார் பாய். முன்னால் அரை அங்குலத்திலிருந்து முக்கால் அங்குலம் வரை குறைவாக இருக்க வேண்டுமாம். அதாவது சைடுகார் சக்கரம் லேசாக வண்டியைப் பார்த்துக் கூம்பி நிற்கணும். அந்தச் சக்கரத்தின் அச்சு, புல்லட்டின் பின்சக்கர அச்சுக்கு நேராகவும் இருக்கக் கூடாது. ஒரு சாண் முன்னால் தள்ளி இருக்க வேண்டும். அடுத்து கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக் குண்டு வந்தது. புல்லட் நெட்டுக்குத்தாக நிற்காமல் கூட்டை விட்டு வெளிப்பக்கம் ஒரு நூல் சாய்ந்திருக்க வேண்டும். எஞ்சின் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் குறைத்தார்கள். 18 குதிரைத் திறன்தானே! மூன்று சக்கரத்தையும் இரண்டு ஆளையும் மலை மேல் இழுக்க வேண்டாமா?

முதல் ஓட்டம். ஹேண்டில்பார் இடது பக்கமே இழுத்தது. மேல் கம்பி இரண்டையும் சில திருகு நீட்டி, வண்டியை இன்னும் கொஞ்சம் வெளியே சாய்த்ததும் இழுப்பு அடங்கியது. இப்படிப் பிரித்து மாட்டியதிலேயே ஒரு நாள் போயிற்று.

(ஜாகுவார் காரைத் தெரியாதவர் உண்டா? அந்தக் கம்பெனி 1922-ல் இங்கிலாந்தில் பிளாக்பூல் என்ற ஊரில் பிறந்தபோது செய்தது கார் அல்ல, சைடுகார்! பாயிடம் சொன்னேன். "அப்ப நானும் அடுத்த வருஷம் கார் பண்றேன்" என்றார்.)

தூக்கிய சக்கரம்!

காலி மைதானத்துக்குப் போனார்கள். 20 வருஷமாக புல்லட் ஓட்டுகிறவர். ஆனால் சைடுகார் மாட்டிய வண்டி மோட்டார் சைக்கிளே அல்ல! உடம்பைச் சாய்த்துத் திருப்புகிற வேலை இதில் நடக்காது. ஹேண்டில்பாரைக் கையால் பிடித்து வளைக்க வேண்டும். காலிக் கூட்டோடு இடது பக்கம் ஒடித்தார். அவ்வளவுதான்! சைடுகார் சக்கரம் தரையை விட்டு எழும்பியது. பார்த்துக் கொண்டிருந்த எனக்கு அடிவயிறு கலங்கியது. மனிதர் பதறிப்போய் வலது பக்கம் திருப்பினார். அதுதான் சரியான வைத்தியமும்கூட. சக்கரம் 'தொப்'பென்று இறங்கியது.

அடுத்த ஓட்டத்துக்கு 50 கிலோ மணல் மூட்டை கூட்டில் ஏறியது. சக்கரம் தரையில் நின்றது. ஆனால் பிரேக் பிடித்தால் வேறு கூத்து! சைடுகார் சக்கரத்துக்குப் பிரேக் கிடையாது. புல்லட் நிற்கப் பார்க்கும், கூடு முன்னே ஓடப் பார்க்கும். விளைவு, வண்டி மூக்கை வலது பக்கம் திருப்பும். மைதானத்தில் பரவாயில்லை. ஏற்காடு இறக்கத்தில் வலது பக்கம் என்றால் எதிரே பஸ் வருகிற பக்கம்! இடது வளைவில் கூடு தூக்கப் பார்க்கும். இறக்கத்தில் பிரேக் போட்டால் வண்டி வலது பக்கம் ஓடும். இரண்டும் ஒரே வளைவில் சேர்ந்தால்? அப்படி 20 வளைவு!

சட்டம் என்ன சொல்கிறது?

வேடிக்கை என்னவென்றால், 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் மோட்டார் சைக்கிளுக்கு விளக்கம் சொல்லும்போதே, கழற்றி மாட்டக்கூடிய சைடுகாரையும் சேர்த்துத்தான் சொல்கிறது. அதனால் ஓட்டிவிடலாம் என்று யாரும் கிளம்பி விட வேண்டாம். அதே சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த வடிவத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் இதில் கண்டிப்பாகத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. உடல் ஊனமுற்றவர்களுக்காக வண்டியை மாற்றி அமைக்க மட்டும் சட்டத்தில் தனி வழி உண்டு. எப்படிப் பார்த்தாலும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலை மிதிக்காமல் ரோட்டுக்கு வர முடியாது. ஹெல்மெட்? கூட்டில் உட்காருகிறவருக்கும் வேண்டும்.

நான் போலீஸ் செய்தி எழுதுகிறவன். மலையில் விழுந்த வண்டிகளை எத்தனையோ பார்த்தவன். மனசில் பட்டதை அவரிடமே சொன்னேன். "பர்மிஷன் இல்லாம ஏத்தாதீங்க. ஒண்ணு ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரன் கையை விரிச்சிருவான். அம்மாவை வெச்சுக்கிட்டு வெளையாடாதீங்க." அவர் பதில் பேசவில்லை. வெகுநேரம் கூட்டின் சீட்டைத் துடைத்துக் கொண்டே இருந்தார்.

மறுநாள் மைதானத்துக்கு அம்மாவை அழைத்து வந்தார். மணல் மூட்டையை இறக்கிவிட்டு அம்மாவை ஏற்றினார்கள். ஆட்டோ வேகம்கூட இல்லை, நடை வேகம். மூன்று சுற்று. அம்மா ஹெல்மெட்டுக்கு மேலே முந்தானையைப் போர்த்திக்கொண்டு கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தார்.

இறங்கியதும் கேட்டார்:

"ஏஞ்சாமி, இதுலயா என்னைய மலைக்குக் கூட்டிப் போறே?"

"ஆபீசுல எழுதிக் குடுத்துட்டு வரேம்மா. பர்மிஷன் வரட்டும்."

"வர்றப்ப வரட்டும். இந்த வருசம் நான் பஸ்சுலயே போயிக்கறேன். படியில ஏத்தி விட மட்டும் நீ வா."

நாலு போல்ட்டும் கழன்றன. கூடு பட்டறை மூலையில், தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது.