பெண் முயலின் மூன்று வருடம்

பசுவுக்கு 21 நாளுக்கு ஒருமுறை பருவம் வரும், கத்திக் காட்டிக்கொடுத்துவிடும். முயலிடம் அந்தக் கணக்கே கிடையாது. ஆணோடு சேர்ந்து ஏறக்குறைய 10 மணி நேரம் கழித்துத்தான் பெண் முயலுக்குக் கருமுட்டையே வெளிப்படும். ஆகவே எப்போது சினையாக்குவது என்பது பெரும்பாலும் வளர்ப்பவர் கையில். லாபமும் அங்கேதான், பேராசையும் அங்கேதான்.

நம்மூரில் இறைச்சிக்கு வளர்ப்பவை வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா, நியூசிலாந்து வெள்ளை போன்ற இனங்கள். காட்டு முயலைப் பிடித்து வளர்ப்பது குற்றம். அது வேறு இனம், இவற்றோடு கலக்கவும் கலக்காது.

பெண்ணைத்தான் ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மாற்றிச் செய்தால், தன் இடத்துக்கு வந்தவனைப் பெண் கடித்து விரட்டும். இணை சேர்ந்ததும் ஆண் பொத்தென்று பக்கவாட்டில் சரியும், அதுதான் அடையாளம். 12 முதல் 14 நாளில் அடிவயிற்றை மெல்லத் தடவினால் கோலிக்குண்டுபோல் கரு உருளும். புதியவர்கள் புழுக்கையைத் தொட்டுவிட்டுச் சினை என்று சந்தோஷப்படுவதும் உண்டு.

சினைக்காலம் சுமார் 31 நாள். 28-ஆம் நாள் குட்டிப்பெட்டி வைத்தால், தாய் தன் வயிற்று ரோமத்தைப் பிடுங்கி மெத்தை போடும். பிறகு நாளுக்கு ஒருமுறை, சில நிமிடம் மட்டுமே பால் கொடுக்கும். தாய் குட்டிகளை ஒதுக்கிவிட்டது என்று பதற வேண்டாம். குட்டியைப் புரட்டிப் பாருங்கள், வயிறு உப்பி, மெல்லிய தோலுக்கடியில் பால் வெள்ளையாகத் தெரிந்தால் போதும். சுமார் 12 வாரத்தில் 2 கிலோ வந்தால் கறிக்குத் தயார்.

குட்டி போட்ட மறுநாளே தாய் மீண்டும் சினைபிடிக்கும். பிடிக்கும் என்பதற்காகச் சேர்க்கக் கூடாது. பாலும் சினையும் ஒன்றாகச் சேர்ந்தால் முதுகெலும்பு துருத்திக்கொண்டு நிற்கும், அடுத்த ஈற்றில் குட்டிகள் நோஞ்சானாக விழும். குட்டிகளைப் பால் மறக்கடித்த பிறகு சேர்த்தால் வருடத்துக்கு ஐந்து ஈற்று எடுக்கலாம். நம் தீவனத்துக்கு அதுவே அதிகம் என்பேன். கோடையில் அதுவும் வராது. 30 டிகிரியைத் தாண்டிய வெப்பம் நீடித்தால் ஆணின் விந்து கெடும். வெயில் தணிந்தும் சில வாரம் சினை தங்காது. பழியெல்லாம் பெண்மேல் விழும்.

முதல் இணை ஐந்தாறு மாத வயதில். மூன்று வயதை ஒட்டிக் குட்டி எண்ணிக்கை குறையும், பெட்டியிலேயே சாவு கூடும். கூண்டில் தொங்கும் அட்டையில் ஈன்றது எத்தனை, பால் மறந்தது எத்தனை என்று எழுதிவந்தால், எதைக் கழிப்பது என்று அட்டையே சொல்லும். கழித்த முயலின் கறி கொஞ்சம் முற்றல்தான். குக்கரில் கூடுதலாக இரண்டு விசில் விட வேண்டும்.