யானைக்காலும் அதன் பராமரிப்பும்

யானைக்கால் கீழ்நாட்டாருக்கே உரிய வியாதி என்று கொல்லிமலைவாசிகள் அசட்டையாயிருத்தல் தகாது. கூலியின் நிமித்தம் சேந்தமங்கலம், நாமக்கல் முதலிய ஊர்களுக்கு இறங்கிப் பல இரவுகள் தங்குவோர் அநேகர். அழுக்குச் சாக்கடைகளில் பெருகும் கொசுக்கள் கடிப்பது பெரும்பாலும் இரவிலேயாம்.

இது கர்மவினையால் வருவதன்று. நூல் போன்ற புழுக்கள் சரீரத்தின் நிணநீர்க் குழாய்களில் குடியேறி அவற்றைக் கெடுப்பதால் நீர் வடியாது தேங்கிக் கால் வீங்குகிறது. இப்புழுவின் குஞ்சுகளை 1872-இல் கல்கத்தாவில் லூயிஸ் என்பவர் மனித ரத்தத்தில் கண்டார். அவை கொசுவினுள் வளர்வதை 1877-இல் சீன தேசத்தில் மான்ஸன் கண்டார்.

டையெத்தில்கார்பமசின் மாத்திரை ரத்தத்திலுள்ள குஞ்சுகளை அழித்து நோய் பரவாமற் தடுக்கும். முற்றிய வீக்கத்தை வற்றச் செய்யாது. இதனையறியாதார் மருந்து பலிக்கவில்லையென்று சூடு போடவும் கீறி ரத்தம் வடிக்கவும் துணிகின்றனர். உண்மையில் காலைப் பருக்கச் செய்வது, அடிக்கடி நெறி கட்டி வரும் ஜுரமே. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் இதில் சம்பந்தமில்லை. விரலிடுக்கு வெடிப்புகளின் வழியே வேறு கிருமிகள் உட்புகுவதே ஜுரத்துக்குக் காரணம். ஒவ்வொரு ஜுரமும் காலை முன்னிலும் தடிக்கச் செய்யும். களையெடுப்பிலும் காப்பிப் பழம் பறிப்பிலும் ஆள் பல நாள் படுத்துவிட்டால் கூலி போகும். சங்கக் கடனும் நிலுவையாகும். தவணை தவறிய அங்கத்தினனைச் சோம்பேறியென்று தீர்மானிக்குமுன், அவன் காலையும் ஒருமுறை பார்ப்பது நலம்.

ஆதலால் வெடிப்பை ஆற்றுவதே முதற்காரியம். காலை மாலை இருவேளையும் சுத்த ஜலத்தாலும் சவுக்காரத்தாலும் மடிப்புகளையும் விரலிடுக்குகளையும் மெதுவாகக் கழுவுக. மெல்லிய துணியால் ஈரமற ஒற்றுக, தேய்த்தலாகாது. ஈரம் நின்றால் கழுவியதன் பயன் கெடும். புண்ணுக்கும் படைக்கும் வைத்தியர் தரும் களிம்பைப் பூசுக. உட்காரும்போது காலை உயர்த்தி வைத்துக் கணுக்காலை மேலுங்கீழுமாக அசைக்க வேண்டும். இரவில் காலடியில் கம்பளியை மடித்து வைப்பது போதும். கல்லும் முள்ளும் நிறைந்த மலைப்பாதையில் செருப்பின்றி நடத்தல் கூடாது.

ஜுரம் கண்டால் இளைப்பாறிக் குளிர்ந்த ஈரத்துணி இடுக. ஒத்தடமும் பயிற்சியும் அப்போது ஆகா. அன்றே வைத்தியசாலைக்குச் செல்க.

வீக்கமனைத்தும் யானைக்காலன்று. மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் நெறிகளை நீக்கியபின் கை வீங்குவதுண்டு; இருதயம், சிறுநீரகம் கெட்டாலும் இரு கால்களும் வீங்கும். ஆகவே பரீட்சித்தே நிச்சயிக்க வேண்டும். புழுக்குஞ்சுகள் இரவிலேயே ரத்தத்தில் மிகுதியாக உலாவுமாதலின், சுகாதார ஊழியர் இரவில் வந்து விரலைக் குத்தி ரத்தமெடுத்தால் ஐயுற வேண்டா.