கடலைப் பார்க்காத ஊரிலும் புயல்!

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலை. கிழக்கே கடலைப் பார்க்க வேண்டுமானால் சுமார் 90 கிலோமீட்டர் போகவேண்டும். புயல் என்றால் கடற்கரைக்காரர்கள் பாடு, நமக்கு என்ன என்று நினைக்கத் தோன்றும்.

அந்த நினைப்பைப் பொய்யாக்கியது, 2024-ம் ஆண்டு வந்த 'பெஞ்சல்' புயல்!

ஆமை வேகம்

அந்த ஆண்டு நவம்பர் 30-ந் தேதி இரவு, புதுச்சேரி அருகே அது கரை ஏறியது. காற்றின் வேகம் மணிக்கு 70 முதல் 80 கிலோமீட்டர்தான். புயல்களில் இது பெரிய வேகம் அல்ல.

ஆனால், கரை ஏறிய புயல் ஓடிவிடவில்லை. புதுச்சேரிப் பக்கத்திலேயே பல மணி நேரம் நின்றுவிட்டது. புயல் நின்றால் மழை நிற்காது. கடலின் ஈரக் காற்றை இழுத்து இழுத்து, அதே இடத்தில் கொட்டிக்கொண்டே இருக்கும். புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது.

பிறகு வலுக் குறைந்து மேற்கே நகர்ந்தது. போகிற வழியில் விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை, தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மழை கொட்டியது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர்!

50 சென்டிமீட்டர் என்றால் முழங்கால் உயரம். ஒரு சென்ட் நிலத்தில் மட்டும் 20 ஆயிரம் லிட்டர் தண்ணீர் விழுகிறது என்று பொருள். திருவண்ணாமலையில் மலைச் சரிவில் மண் சரிந்து 7 பேர் மாண்டனர்.

மலையும் அணையும்

ஈரக் காற்று மலையில் மோதினால் மேலே ஏறும். மேலே ஏறினால் குளிரும். குளிர்ந்தால் மழையாகும். கல்வராயன் மலையில் பெய்யும் மழை, கோமுகி, மணிமுக்தா ஆறுகளில் இறங்கி வருகிறது. கோமுகி அணையின் உயரம் 46 அடி. மணிமுக்தா அணை 36 அடி. இரண்டும் சிறிய அணைகள். மலையில் பெருமழை என்றால் விரைவில் நிறைந்துவிடும். பிறகு வருகிற தண்ணீரைத் திறந்துவிடத்தான் வேண்டும்.

தென்பெண்ணையின் கதை இன்னும் பெரிது. ஊத்தங்கரைப் பக்கத்து மழைநீரும் அந்த ஆற்றுக்குத்தான் வருகிறது. டிசம்பர் 2-ந் தேதி அதிகாலை, ஊர் உறங்கும் நேரத்தில், சாத்தனூர் அணையில் இருந்து வினாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. அந்த ஆறு கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மணலூர்ப்பேட்டை, திருக்கோவிலூர் வழியாகத்தான் கடலூருக்குப் போகிறது. கரையோர ஊர்கள் தவித்தன.

முன்கூட்டியே ஐந்து முறை எச்சரித்தோம் என்றது அரசு. மக்களுக்குச் செய்தி சரியாக வந்து சேரவில்லை என்றன எதிர்க்கட்சிகள். விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 2,000 ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது.

தீவு நாடு கற்ற பாடம்

பிலிப்பைன்ஸ், 7,000-க்கும் மேற்பட்ட தீவுகள் கொண்ட நாடு. அதன் கடல் எல்லைக்குள் ஆண்டுக்குச் சுமார் 20 புயல்கள் வருகின்றன. புயலோடு பிறந்து வளர்ந்த மக்கள்! அவர்களும் ஏமாந்தது உண்டு.

2009-ம் ஆண்டு 'ஒண்டாய்' புயல் வந்தது. காற்று பலமாக இல்லை. ஆனால் தலைநகர் மணிலாவில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டர் மழை பெய்து, நகரமே மூழ்கியது.

2013-ம் ஆண்டு வந்த 'ஹையான்' புயல் 6,000-க்கும் மேற்பட்டவர்களைப் பலி கொண்டது. கடல் நீர் ஊருக்குள் புகும் என்று முன்பே எச்சரிக்கை வந்தது. ஆனால், அதில் இருந்த ஆங்கிலச் சொல் பலருக்குப் புரியவில்லை. 'கடல் பொங்கி வருகிறது, ஓடுங்கள்' என்று சொல்லியிருந்தால் பலர் பிழைத்திருப்பார்கள் என்று பிறகு பேசப்பட்டது.

'இத்தனை ஆயிரம் கன அடி' என்று அறிவித்தால் எத்தனை பேருக்கு விளங்கும்? 'உங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் வரும், விடிவதற்குள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள்' என்றால் பாட்டிக்கும் விளங்கும், பேரனுக்கும் விளங்கும்.

புயல் செய்தி கேட்கும்போது, காற்று எவ்வளவு வேகம் என்று மட்டும் கேட்டால் போதாது. எவ்வளவு மெதுவாக நகர்கிறது, மேலே மலையில் எவ்வளவு மழை, அணையில் எவ்வளவு தண்ணீர் என்றும் கேட்கவேண்டும். ஆற்றங்கரையில் குடியிருப்பவர்களுக்கு உயிர் காக்கும் கேள்விகள் இவை!