அன்னையார் கண்ட ஆடுகளம்

நெசவாளர் சங்கங்களின் கணக்குகளைப் பார்வையிடச் செல்லும் ஊர்களில், மாலை வேளையில் பையன்கள் தெருவில் விளையாடுவதையும், சிறுமியர் திண்ணையில் அமர்ந்து தார் சுற்றுவதையும் நாம் காண்பதுண்டு. அப்போதெல்லாம் மறைந்த நம் அன்னையாரின் நினைவு எழும்.

வீரவநல்லூரில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவர் அவர். சிறு வயதில் தாமிரபரணி மணலில் தமையன்மாருடன் சடுகுடு ஆடியவர். பருவமெய்தியதும் பாட்டியார் ஆட்டத்தை நிறுத்தி, ராட்டையை எதிரில் வைத்துவிட்டார். கால்கள் நின்றனவே தவிர, ஆசை நிற்கவில்லை. பொங்கல் பந்தயங்களைக் கூட்டத்திற்குப் பின்னால், தெருமுனையில் நின்றே பார்ப்பார். வானொலியில் ஆட்ட வர்ணனை வந்தால் ராட்டையை மெல்லச் சுற்றுவார்.

1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பி. டி. உஷா, நொடியில் நூறில் ஒரு பங்கால் வெண்கலப் பதக்கத்தை இழந்த செய்தியைப் பன்முறை நமக்குச் சொல்லியிருக்கிறார். “தோற்றாள் என்று சொல்லாதே, உலகத்தில் நாலாவதாக வந்தாள் என்று சொல்” என்பார்.

ஆசிய விளையாட்டில் கபடி 1990இல் பெய்ஜிங்கில் சேர்க்கப்பட்டது. 1994இல் ஹிரோஷிமாவில் தங்கம் வென்ற இந்திய அணியில் தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன் இருந்தார். அன்று அன்னையார் அண்டை வீடுகளுக்கெல்லாம் கருப்பட்டி வழங்கினார். பிறகு, “பெண்களுக்கு இந்த ஆட்டம் எப்போது வரும்?” என்று தந்தையாரைக் கேட்டார். விடை வரப் பதினாறு ஆண்டுகள் ஆயின. 2010இல் குவாங்சௌவில் முதன்முறையாக நடந்த மகளிர் கபடியில், நம் பெண்கள் இறுதி ஆட்டத்தில் தாய்லாந்தை வென்று தங்கம் பெற்றனர். ஐம்பதைக் கடந்திருந்த அன்னையார் அந்த இரவு ராட்டையைத் தொடவில்லை.

இதனினும் பெரிது ஒன்றுண்டு. நம் தமக்கையார் பள்ளியில் ஓட்டப் பந்தயத்தில் முந்தி வந்தவர். அவரை மாலையில் மைதானத்திற்கு அனுப்புவதற்காக, அவர் சுற்ற வேண்டிய தாரையும் அன்னையார் விடியுமுன் எழுந்து தாமே சுற்றி வைப்பார். நாமோ அந்நாளில் ஒரு தார்கூடச் சுற்றிக் கொடுத்ததில்லை. மாலை முழுதும் நமக்கு விளையாட்டாகவே கழிந்தது. அக்குறை இன்றும் நம் நெஞ்சில் உண்டு.

சங்க அங்கத்தினர்களை நாம் வேண்டுவது ஒன்றே. பெண் குழந்தையின் கையிலுள்ள ராட்டையை நாள்தோறும் மாலையில் ஒரு மணி நேரம் வீட்டுப் பையனிடம் கொடுங்கள். இல்லையேல் நீங்களே வாங்கிச் சுற்றுங்கள். தறிக்கு வேண்டிய தார் குறையாது. அவளும் ஆடிவிட்டு வருவாள்.