திம்னா (ஏதோமியர்)

திம்னா என்பவர் எபிரேய விவிலியத்தில் உள்ள ஏதோமியர் தலைமுறை அட்டவணையில் இடம்பெறும் ஒரு பெண் ஆவார். இவர் ஏசாவின் தலைமகன் எலிப்பாசின் மறுமனைவி. அமலேக்கியரின் முன்னோராகக் கூறப்படும் அமலேக்கின் தாய். விவிலியத்தில் இவரது பெயரும் உறவுமுறையும் தவிர வேறு செய்தி இல்லை. எனினும் யூத மரபில் இவரைப் பற்றிய விளக்கம் குறிப்பிடத்தக்கதாகும்.

விவிலியக் குறிப்புகள்

தொடக்க நூல் (ஆதியாகமம்) 36ஆம் அதிகாரத்தில் இப்பெயர் மூன்று முறை வருகிறது. 12ஆம் வசனம் திம்னாவை எலிப்பாசின் மறுமனைவி என்கிறது. 22ஆம் வசனத்தில் லோத்தானின் சகோதரியாக இப்பெயர் காணப்படுகிறது. லோத்தான், ஏதோமியருக்கு முன்பே சேயீர் மலைநாட்டில் வாழ்ந்த ஓரியரின் தலைவர்களுள் ஒருவன். 40ஆம் வசனத்தில் ஏதோமியத் தலைவர்களின் பட்டியல் இதே பெயருடன் தொடங்குகிறது. முதலாம் குறிப்பேடு (நாளாகமம்) 1:36 இப்பெயரை எலிப்பாசின் பிள்ளைகளுடன் சேர்த்துள்ளது.

இம்முரண்பாட்டுக்குப் பல விளக்கங்கள் உண்டு. இடைக்கால யூத உரையாசிரியர் ராசி (1040–1105), சேயீரின் மனைவியிடம் எலிப்பாசுக்குப் பிறந்த மகளே திம்னா என்றும், பின்னர் அவர் அவனுக்கே மறுமனைவியானார் என்றும் கருதினார். இத்தகைய அட்டவணைகளில் உள்ள பெயர்கள் தனி மனிதரை மட்டுமன்றிக் குலங்களையும் குறிக்கும் என்பது தற்கால ஆய்வாளர் பலரின் கருத்து. அதன்படி இம்மண உறவு, ஓரியர் குலம் ஒன்று ஏதோமியருடன் கலந்ததைக் காட்டலாம்.

யூத மரபில்

பாபிலோனியத் தல்மூதின் சன்ஹெட்ரின் பகுதி, யூதாவின் அரசன் மனாசே இவ்வசனத்தை ஏளனம் செய்ததாகக் கூறுகிறது. லோத்தானின் சகோதரி யார் என்பதைத் தவிர மோசேக்கு எழுத வேறொன்றும் இல்லையா என்பது அவனது கேள்வி.

அதற்குத் தல்மூது தரும் விளக்கம் வருமாறு: தலைவர் குடியில் பிறந்த திம்னா, ஆபிரகாமின் சமயத்தில் சேர விரும்பினார். ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு ஆகிய மூவரும் அவரை ஏற்கவில்லை. வேறொரு மக்களிடையே சீமாட்டியாக இருப்பதைவிட இம்மக்களிடையே பணிப்பெண்ணாக இருப்பதே மேல் என்று எண்ணி, அவர் எலிப்பாசின் மறுமனைவியானார். அவர் வயிற்றில் பிறந்த அமலேக்கின் வழியாக இசுரயேலருக்குத் துன்பம் வந்தது. திம்னாவை அவர்கள் விலக்கியிருக்கக் கூடாது என்பதே தல்மூதின் முடிவு.

முக்கியத்துவம்

எகிப்திலிருந்து வெளியேறிய இசுரயேலரை இரபிதீமில் தாக்கியவர்கள் அமலேக்கியர். அவர்களின் நினைவையே அழித்துவிடுமாறு இணைச்சட்டம் (உபாகமம்) 25ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. இத்தகைய கொடும் பகையின் தொடக்கத்தைப் பகைவரின் இயல்பில் தேடாமல், நாடி வந்த பெண்ணைத் தம் முன்னோர் ஏற்க மறுத்த பிழையில் தல்மூது காண்கிறது. மனாசே பயனற்றதென எள்ளிய வசனமே இவ்விளக்கத்துக்கு அடிப்படையாக அமைந்தது.