பாலியல் வன்கொடுமைக்கு ஆளானோர்: திருவனந்தபுரத்தில் உதவி பெறும் வழிகள்

பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண் முதலில் செல்ல வேண்டிய இடம் காவல் நிலையமே என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. புகாரின் நகலைக் கொண்டுவந்தால்தான் சிகிச்சை என்று சில மருத்துவமனைகளில் கூறப்படுவதும் இவ்வெண்ணத்தின் விளைவே. சட்டமோ வேறு விதமாகக் கூறுகிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதையின் 397-ஆம் பிரிவின்படி, அரசு மருத்துவமனையாயினும் தனியார் மருத்துவமனையாயினும் உடனே, கட்டணமின்றிச் சிகிச்சை அளித்தாக வேண்டும். காவல் துறைக்குத் தகவல் தருவது மருத்துவமனையின் கடமை, பாதிக்கப்பட்டவரின் சுமையன்று. சிகிச்சை அளிக்க மறுப்பது ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாகும்.

இதில் காலமே முதன்மையானது. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்திற்குள் தொடங்கி 28 நாட்கள் உட்கொள்ள வேண்டும். கருத்தடைக்கான அவசர மாத்திரையும் தாமதமாகத் தாமதமாகப் பயன் குன்றும். குளித்துவிட்டாலும் உடை மாற்றிவிட்டாலும் சிகிச்சை பெறும் உரிமை போய்விடுவதில்லை. தடயப் பரிசோதனைக்குப் பாதிக்கப்பட்டவரின் சம்மதம் தேவை. அதை மறுப்பவருக்கும் சிகிச்சை உண்டு என்பதை மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014-ஆம் ஆண்டு நெறிமுறைகள் தெளிவாக்குகின்றன. 'இருவிரல் சோதனை' கூடாதென உச்ச நீதிமன்றம் 2013-லும், மீண்டும் 2022-லும் கூறியுள்ளது. ஒரே செய்தியை இருமுறை கூற நேர்ந்ததே சிந்தனைக்குரியது.

திருவனந்தபுரத்தில் உதவிகள் பல. ஆனால் அவை சிதறிக் கிடக்கின்றன. எங்கே செல்வதென்று அறியாதவருக்கு, மாநில மகளிர் மேம்பாட்டுக் கழகம் 2017-இல் தொடங்கிய 'மித்ரா' 181 என்ற தொலைபேசி எண் நல்ல தொடக்கமாகும். ஆபத்து வேளையில் 112. குடும்பஸ்ரீயின் 'சிநேகிதா' மையம் ஆலோசனையுடன் தற்காலிகத் தங்குமிடமும் தருகிறது. அரசு மருத்துவமனைகளில் 'பூமிகா' ஆலோசனை மையங்கள் உள்ளன. 'சகி' என்ற பெயர் மட்டும் குழப்பம் தரக்கூடியது: 1996-இல் நகரில் தோன்றிய பெண்கள் வள மையமும், மத்திய அரசின் 2015-ஆம் ஆண்டுத் திட்டத்தின்கீழ் அமைந்த ஒரே இடச் சேவை மையமும் அப்பெயரையே தாங்கியுள்ளன. மருத்துவம், காவல், சட்டம், தங்குமிடம் ஆகியவற்றை ஒருங்கிணைப்பது பின்னதே.

கன்னியாகுமரி மாவட்டத்தினர் சிகிச்சைக்காக இந்நகருக்கு வருவது வழக்கம். குற்றம் எல்லைக்கு அப்பால் நிகழ்ந்ததென்று கூறி அவர்களது புகாரை இங்குள்ள காவல் நிலையம் மறுக்க இயலாது. அதைப் பதிவு செய்து உரிய நிலையத்திற்கு அனுப்ப வேண்டும்.

பாதிக்கப்பட்டவர் 18 வயது நிறையாதவராயின், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குற்றத்தை அறிந்த எவரும் அதைத் தெரிவித்தே தீர வேண்டும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

இழப்பீட்டுக்குத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்திடம் இடைக்கால நிவாரணம் கோரலாம். தேசியச் சட்டப் பணிகள் ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டுத் திட்டம் வன்புணர்ச்சிக்கு 4 லட்சம் முதல் 7 லட்சம் ரூபாய் வரை வரையறுத்துள்ளது. விண்ணப்பத்தைக் கையாளும் அலுவலர் ஒன்றை மறத்தலாகாது: பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடுவது 2 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரியது. ஆகவே கோப்பின் மேலட்டையில் பெயருக்குப் பதிலாக எண்ணை எழுதுவதே தக்கது.