நாயும் பூனையும் ஒரே வீட்டில்

கீரியும் பாம்பும் போல என்று சொல்வதில் நியாயம் உண்டு. நாயும் பூனையும் போல என்று சொல்வதில் பாதி நியாயம்தான் உண்டு. ஓடுகிறதைத் துரத்துவது நாயின் பிறவிக் குணம். நாயைக் கண்டால் ஓடுவது பூனையின் குணம். பகை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்த ஓட்டமும் துரத்தலுமே.

ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காட்டில் சிறு விவசாயிக்கு இரண்டும் வேண்டியவை. ஆட்டுக்கிடைக்குக் காவலாகவும், மக்காச்சோளக் காட்டில் பன்றி இறங்கினால் குரைத்து எழுப்பவும் நாய் வேண்டும். குலுக்கையிலும் சாக்கிலும் கிடக்கும் கம்பு, சோளம், உளுந்துக்குப் பூனைதான் காவல். பெருச்சாளியை அது அவ்வளவாகத் தொடாது. சுண்டெலியையும் வீட்டெலியையும் அடக்கி வைக்கும்.

பூனையை நாய் கடித்துக் கொன்றுவிட்டால் நஷ்டம் அதோடு நிற்பதில்லை. எலி பெருகும். கடையில் சிங்க் பாஸ்பைடு வாங்கி வந்து பொரியில் கலந்து வைப்போம். அந்த உருண்டையை நாயே தின்றுவிடுவதுண்டு. வயிற்றில் மருந்தோடு செத்த எலியைத் தின்றாலும் ஆபத்துதான். பூனை போன வீட்டில் பின்னாலேயே நாயும் போவது இப்படித்தான்.

நம் பக்கத்தில் இன்னொரு சங்கதியும் உண்டு. கோவில்பட்டி, கழுகுமலை வட்டாரங்களில் வளர்க்கும் கன்னி, சிப்பிப்பாறை நாய்கள் முயல் விரட்டப் பழக்கிய ஜாதி. மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி ஓடுபவை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்போது முயல் வேட்டைக்கு இடமில்லை. ஆனால் சட்டம் வந்ததால் நாயின் ரத்தம் மாறிவிடாது. வீட்டுக்குள் பூனையோடு ஒரே சாக்கில் படுக்கும் கன்னி நாய்கூட, வெட்டவெளியில் அதே பூனை குதித்து ஓடினால் பாய்ந்துவிடலாம். இந்த ஜாதி நாயைக் காட்டில் அவிழ்த்துவிடும்போது பூனை வீட்டுக்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. நாட்டு நாயிடம் இவ்வளவு பயமில்லை.

இஸ்ரேல் நாட்டின் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தார் ஒரே வீட்டில் வளரும் நாய்களையும் பூனைகளையும் ஆராய்ந்து 2008ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார்கள். நாய்க்கு முன்பே பூனை வீட்டுக்கு வந்திருந்தால் உறவு நன்றாக அமைகிறது. பூனைக்கு ஆறு மாதமும் நாய்க்கு ஒரு வயதும் ஆவதற்குள் பழக்கினால் மிக நல்லது என்று அதில் தெரியவந்தது. நம் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர் எதிர். நாய் வளர்ந்து வீட்டைத் தனதாக்கிக்கொண்ட பிறகு, எலித் தொல்லை தாங்காமல் குட்டிப் பூனையைப் பையில் போட்டுக்கொண்டு வருகிறோம்.

அப்படிக் கொண்டுவர நேர்ந்தால் அவசரம் கூடாது. எட்டு வாரம் தாயிடம் இருந்த குட்டியாக வாங்கவும். முதல் வாரம் ஓர் அறையில் கதவை அடைத்து வைத்து, குட்டி படுத்த சாக்கை நாய் படுக்கும் இடத்திலும் நாயின் சாக்கைக் குட்டியிடமும் மாற்றிப் போடவும். முகம் பார்ப்பதற்கு முன் வாசனை பழகட்டும். பிறகு நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, எட்ட இருந்து காட்டவும். நாய் உற்றுப் பார்த்து விறைத்து நின்றால் அப்பால் அழைத்துப் போகவும். முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தால் ஒரு துண்டு கருப்பட்டி அல்ல, ஒரு துண்டு மீன் கொடுக்கவும். (நாய்க்கு இனிப்புக் கொடுத்துக் கெடுப்பவர்கள் நம்மில் அதிகம்.) சிலர் குட்டியைக் கோழிப் பஞ்சாரத்துக்குள் கவிழ்த்து நாயின் முன்னால் வைத்துவிடுகிறார்கள். ஓட வழியில்லாத குட்டி மிரண்டு போகும்; அந்த மிரட்சி எளிதில் மாறாது. நாயை அடிப்பதும் வீண். பூனை வந்தால் அடி விழும் என்றுதான் அது கற்றுக்கொள்ளும்.

பூனை ஏறி உட்கார நாய்க்கு எட்டாத உயரம் ஒன்று வேண்டும். பரணோ, படப்போ, தொழுவத்து உத்தரமோ போதும். அந்த இடம் இருந்தால் பூனை ஓடாது. பூனை ஓடாவிட்டால் பாதித் துரத்தல் இல்லை.

வால் விஷயத்திலும் குழப்பம் உண்டு. நாய் வாலை ஆட்டினால் பெரும்பாலும் சந்தோஷம். பூனை வாலை வீசி வீசி அடித்தால் எரிச்சல். சேர்ந்து வளர்ந்தவை ஒன்றின் பாஷையை மற்றொன்று படித்துக்கொள்கின்றன. புதிதாய்ச் சேர்ந்தவற்றுக்கு அது தெரியாது. முகத்தில் நகம் விழுந்த பிறகுதான் நாய்க்குப் புரியும்.

தீனியைத் தனித்தனியே வைக்க வேண்டும். நாய்க்குத் தரையில், பூனைக்குத் திண்டின் மேல். மணப்பாடு, புன்னைக்காயல் போன்ற முத்துக்குளித்துறை ஊர்களில் மீன் கழிவுக்குப் பஞ்சமில்லை. ஆளுக்கொரு மூலையில் தின்றுகொண்டிருக்கும். மேட்டுக்காட்டு வீடுகளில் ஒரே தட்டுக் கஞ்சிக்குத்தான் சண்டை. நாய் கம்பங்கஞ்சியில் ஓரளவு காலம் தள்ளும். பூனைக்கு மீனோ இறைச்சியோ எலியோ கட்டாயம் வேண்டும். நெடுநாள் கிடைக்காமல் போனால் கண் பார்வையே கெடும். மலிவாகக் கிடைக்கிறது என்று தினமும் பச்சைச் சாளையையே போடுவதும் கெடுதல். வேகவைத்து, முள் எடுத்து, சோற்றோடு பிசைந்து வைக்கலாம். கருவாட்டில் உப்பு அதிகம், இரண்டுக்குமே ஆகாது.

கடைசியாக வெறிநோய். நாய்க்கு ஊசி போடுகிறவர்கள்கூடப் பூனையை விட்டுவிடுகிறார்கள். இரவில் ஊர் சுற்றும் பூனையை வெறிநாய் கடித்தால் அந்த நோய் தொழுவத்துக்கும் வரும், திண்ணையில் படுக்கும் குழந்தைக்கும் வரும். மூன்று மாதத்தில் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இன்னொன்று, பிறகு ஆண்டுக்கொரு முறை என இரண்டுக்கும் போட வேண்டும். கடித்தாலும் கீறினாலும் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போகவும். மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. கால்நடை மருந்தகத்தில் ஊசி போட்டு வந்ததும் தேதியைத் தொழுவச் சுவரில் கரித்துண்டால் எழுதி வைத்துவிட்டால், அடுத்த ஆண்டு யாரையும் கேட்க வேண்டியதில்லை.